நூறாண்டு வெள்ளம்



விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் ரப்பர்த் தோட்டத்தில் மரம் வெட்ட முடியாது. அதனால் வானத்தைப் பார்த்து, இன்று வேலை உண்டா இல்லையா என்று கணித்துப் பழகியவர்கள் நாம். அந்தக் கணிப்பு சில நாள் பலிக்கும்; சில நாள் பொய்க்கும். வெள்ளத்தைக் கணக்கிடும் பொறியியலாளரின் நிலையும் அதுதான்.

1926ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவின் பல மாநிலங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. 1932இல் வடிகால் நீர்ப்பாசன இலாகா அமைந்தது. மழையையும் ஆறுகளையும் அளந்து எழுதும் வேலை வளர்ந்தது. அந்தக் கணக்கில் தோட்டங்களுக்கும் பங்குண்டு. பல தோட்டங்களில் மழைமானி வைத்து, நாள்தோறும் அளவைப் பதிந்து வந்தார்கள். மழை நிலையங்கள் சில இன்றும் தோட்டத்தின் பெயராலேயே வழங்குகின்றன.

எவ்வளவு மழைக்கு வாய்க்காலும் பாலமும் கட்டுவது என்று மதிப்பிடும் முறையை, இலாகா 1973இல் நூலாக வெளியிட்டது. 1982இல் அதைத் திருத்தியது. ஏன் திருத்த வேண்டும்? பதிவு கூடக் கூட மதிப்பீடும் மாறும். முப்பது ஆண்டுக் குறிப்பை வைத்துக்கொண்டு நூறாண்டு மழையைச் சொல்லும்போது, விடை கொஞ்சம் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம்.

‘நூறாண்டு வெள்ளம்’ என்றால் நூறு ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. உங்கள் பிள்ளைகளிடம் நூறு ரப்பர்க் கொட்டைகளைக் கொடுங்கள். ஒன்றில் மட்டும் சுண்ணாம்புப் புள்ளி வைத்து, எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போடச் சொல்லுங்கள். கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பார்த்து, திரும்பப் போட வேண்டும். ஒரு முறை எடுப்பது ஓர் ஆண்டு. புள்ளிக் கொட்டை வந்தால் வெள்ளம். அடுத்தடுத்து இரண்டு முறையும் அது வரலாம். ஆற்றோர வீட்டில் முப்பது ஆண்டு குடியிருந்தால், அந்த வெள்ளத்தை ஒரு முறையேனும் காணும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்று.

2017 நவம்பர் 4, 5ஆம் தேதிகளில் பினாங்கு இதை நேரில் கண்டது. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதாவது ஓரடி உயரத் தண்ணீர்! ஜார்ஜ் டவுன் தெருக்கள் மூழ்கின. ஏழு உயிர்கள் பறிபோயின.

ஆகவே நேயர்களே, ‘வெள்ளம் வரலாம்’ என்று அதிகாரிகள் சொன்னால், ‘இவர்களுக்கே நிச்சயமில்லை’ என்று சிரிக்காதீர்கள். வரலாம் என்பதே நேர்மையான விடை. போன முறை எச்சரிக்கை பொய்த்தது என்பதற்காக, இந்த முறை வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பிறப்புப் பத்திரத்தையும் அடையாளக் கார்டையும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளோடு மேட்டுக்குப் போங்கள். வெள்ளம் வராவிட்டால் ஓர் இரவுத் தூக்கந்தான் நட்டம்.