உப்பும் நீரும்: வாந்திபேதிச் சிகிச்சையின் சமூக வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

விஞ்ஞான வரலாறு பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆய்வுகூடத்தில் ஓர் உண்மை வெளிப்பட்டது, காலப்போக்கில் அது மக்களைச் சென்றடைந்தது என்பதே அவ்வரலாற்றின் வாய்பாடு. உயிரினங்கள் தம் உடலகத்து நீரையும் உப்பையும் எவ்வாறு சமநிலையில் வைத்துக்கொள்கின்றன என்பதை மனிதர் அறிந்த வரலாற்றை நோக்குமிடத்து, இவ்வாய்பாடு எத்துணை போதாதது என்பது புலனாகும். இலக்கிய ஆய்வாளராகிய நாம் உடற்றொழிலியலுள் நுழைவது சிலருக்கு வியப்பளிக்கலாம். அறிவு சமூகத்தில் எவ்வாறு தோன்றுகிறது, யாரைச் சேர்கிறது என்ற வினா எந்தவொரு துறைக்கும் தனியுரிமையானதன்று.

கடல்மீன் மிகையான உப்பைச் செவுள்களின் வழியே வெளியேற்றுகிறது. நன்னீர்மீனோ உப்பை உள்ளீர்த்து, மிகையான நீரைச் சிறுநீராகக் கழிக்கிறது. மனிதரில் சிறுநீரகமும் தாகவுணர்வும் இப்பணியை ஆற்றுகின்றன. கலங்களைச் சூழ்ந்துள்ள திரவத்தை ‘அகச்சூழல்’ எனக் கொண்டு, அதன் நிலைபேறே சுதந்திரமான வாழ்வுக்கு நிபந்தனை என்று வகுத்துரைத்தவர் பிரெஞ்சு அறிஞர் குளோட் பேர்னாட். அவரது பரிசோதனை மருத்துவ நூல் 1865இல் வெளிவந்தது.

ஆயின் இச்சமநிலை குலைவதால் மனிதர் மடிவதை அதற்கு முன்னரே வாந்திபேதி உலகுக்குக் காட்டியிருந்தது. வங்காளத்திலிருந்து வணிக, படைப் பாதைகள் வழியே பரவிய அந்நோய் 1831இல் இங்கிலாந்தின் சண்டர்லன்ட் துறைமுகத்தை அடைந்தது. அங்கு நோயாளரின் குருதியைப் பகுத்தாய்ந்த ஓஷோனெசி என்னும் இளம் ஐரிஷ் வைத்தியர், அக்குருதி நீரையும் உப்புக்களையும் பெருமளவு இழந்திருப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டிலேயே லீத் நகர வைத்தியரான தொமஸ் லற்றா, உப்புநீரை நாளத்தினூடாகச் செலுத்தினார். அவர் முதலிற் சிகிச்சையளித்த மூதாட்டி உயிர் மீண்டவர்போல் எழுந்தார். சில மணி நேரத்தில் நோய் மீண்டும் முற்றி இறந்தார். மறு ஆண்டில் லற்றாவும் மறைந்தார். ஓஷோனெசி கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையில் இந்தியா சென்று, பின்னர் தந்திப் பணியிற் புகழ்பெற்றார். வைத்திய உலகோ இரத்தத்தை வடிக்கும் பழைய முறைக்கே பெரிதும் திரும்பியது.

இதனை வர்க்கச் சதியென்று கூறிவிட்டு அமைவது எளிது, அது வரலாறாகாது. சாகுந்தறுவாயில் இருந்தோருக்கே அச்சிகிச்சை அளிக்கப்பட்டது. செலுத்தப்பட்ட நீர் கிருமி நீக்கப்பட்டதன்று. கிருமிக் கோட்பாடே அன்றில்லை. எனினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லெனாட் றொஜேர்ஸ் நாளவழிச் சிகிச்சையைச் செம்மைப்படுத்தி இறப்பைப் பெரிதும் குறைத்த பின்னரும், அது வைத்தியசாலைக்கு எட்டியவர்க்கே கிட்டியது. ஊசியும் கிருமி நீக்கிய நீரும் பயிற்சி பெற்ற கையும் இல்லாத கிராமத்தில் வாந்திபேதி முன்போலவே கொன்றது. இங்கேதான் சமூக உறவுகள் பற்றிய வினா தவிர்க்கவொண்ணாததாகிறது.

உப்புநீரை வாயால் ஊட்டினால் என்ன? குடல் அதனை ஏற்காது என்பதே பொதுக்கருத்து. 1953இல் கல்கத்தா வைத்தியர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி வாய்வழிச் சிகிச்சையின் பயனை எழுதியபோது அது அதிகம் பொருட்படுத்தப்படவில்லை. 1960இல் பிராக் நகர மாநாடொன்றில் ரொபேட் கிரேன், குடற்சுவரில் சோடியமும் குளுக்கோசும் இணைந்தே உட்புகுகின்றன என்னும் கருதுகோளை முன்வைத்தார். வாந்திபேதி நஞ்சு குடலிலிருந்து நீரையும் உப்பையும் வெளியே பாயச்செய்கிறதேயன்றி, இவ்விணை வாயிலை அடைப்பதில்லை. சீனி சேர்ந்தால் உப்பு உட்புகும். உப்பைத் தொடர்ந்து நீரும் புகும். 1968இல் டாக்காவில் நலின், காஷ் ஆகியோர் நோயாளரிடத்து இதனை நிறுவினர்.

1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து இலட்சக்கணக்கான அகதிகள் எல்லை கடந்தனர். போன்கான் முகாமில் வாந்திபேதி பரவியது. நாளவழித் திரவம் தீர்ந்துபோயிற்று. வைத்தியர் திலீப் மகாலனபிஸ், ஒரு லீற்றர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற அளவிற் கரைசல் ஆக்குவித்தார். பெரிய கலன்களிலிருந்து அதனைப் பிடித்து ஊட்டியவர்களுள் நோயாளரின் உறவினரும் இருந்தனர். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு அச்சிகிச்சை பெற்றோரிடையே நான்குக்கும் கீழே இறங்கியது. வைத்தியர் மட்டுமே ஆற்றக்கூடியதெனக் கருதப்பட்ட பணி, வேறு வழியின்மையால் தாயரின் கைக்கு மாறிய நிகழ்வு இது. போர் நல்லதைத் தந்தது என்று இதனைப் பொருள்கொள்வோர் அம்முகாமிற் பிணங்கள் கிடந்த நிலத்தை மறந்தவராவர்.

1980 முதல் பங்களாதேசத்தின் ‘பிராக்’ நிறுவனம் பெண் ஊழியரை வீடுவீடாக அனுப்பியது. மூன்று விரல்களால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என அவர்கள் கற்பித்தனர். தசாப்த முடிவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களை எட்டினர். தாயர் எவ்வளவு நினைவிற் கொண்டனர் என்பதற்கேற்பவே ஊழியரின் ஊதியம் அமைந்தது. தாயர் நன்றாகவே நினைவிற் கொண்டனர். ஆனால் பலர் கரைசலைப் பயன்படுத்தவில்லை. காரணம் தேடியபோது, ஊழியரே தமக்கு வயிற்றோட்டம் கண்டவிடத்து அதனைக் குடிப்பதில்லை என்பது தெரியவந்தது. ஒப்புவிக்கக் கற்ற அவர்களுக்கு, அது ஏன் வேலைசெய்கிறது என்பதை எவரும் விளக்கியிருக்கவில்லை. பின்னர் அவர்களுக்கு அவ்விளக்கம் அளிக்கப்பட்டது. வீட்டு ஆடவரையும் உரையாடலில் அமர்த்தினர். அதன் பின்னரே பயன்பாடு உயர்ந்தது.