கூடுவாஞ்சேரி முதல் மன்றங்கள் வரை: மனவளக்கலையில் ஆசிரியரும் கூட்டுத்தவமும்

முன்னுரை

தவம் தனிமைக்குரியது என்னும் கருத்து பரவலாக உள்ளது. ஆயினும் சைவ சித்தாந்தம் குரு, இலிங்கம், சங்கமம் என மூன்றையும் வழிபாட்டுக்குரியனவாகக் கொள்கிறது. ஞானம் எய்தியவரும் அடியாரோடு கூடியிருத்தல் வேண்டும் என்பது சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் நூற்பாவின் கருத்தாகும். இக்கூட்டுறவு 20ஆம் நூற்றாண்டில் இல்லறத்தாரிடையே பெற்ற ஒரு வடிவத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

மன்றத்தின் தோற்றம்

வேதாத்திரி மகரிஷி 14.08.1911 அன்று, தாம்பரத்துக்குத் தெற்கே கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். மருத்துவர் கிருஷ்ணாராவ், பரஞ்சோதி மகான் ஆகியோரிடம் தவநெறி கற்றார். 1958இல் சென்னையில் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவினார். தம் பயிற்சிமுறைக்கு 'மனவளக்கலை' எனப் பெயரிட்டு, அதை மன்றங்களின் வழியாக இல்லறத்தாரிடம் கொண்டுசென்றார். மன்றத்தில் பயின்றோரே உரிய பயிற்சிக்குப்பின் ஆசிரியராயினர். குருவை நாடிச் சீடர் செல்லும் நிலை மாறி, ஊர்தோறும் ஆசிரியர் அமையும் நிலை இதனால் உருவானது.

ஆசிரியரின் பணி

இம்முறையில் ஆக்கினைத் தவம் தீட்சை வழியே தொடங்குகிறது. அதனால் ஆற்றல் மிகும்போது அதை மூலாதாரத்துக்கு இறக்கிச் சமன்செய்யச் சாந்தி தவம் கற்பிக்கப்படுகிறது. பயில்பவரின் நிலையறிந்து எதனை எப்போது இயற்றுவது எனக் கூற, அவரை நேரில் காணும் ஆசிரியர் வேண்டும். நூல் முறையை விளக்கும், ஆளை அறியாது.

கூட்டின் பணி

எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், 'நான் யார்' எனத் தெளிதல் ஆகியவை அகத்தாய்வின் படிநிலைகள். தனித்திருப்பவர் தம்மிடம் சினமில்லை என எளிதில் நம்பிவிடலாம். பிறரோடு பழகும்போதே அந்நம்பிக்கை சோதனைக்குள்ளாகிறது. வேதாத்திரியின் துணைவியார் உலோகாம்பாளின் பிறந்தநாளான ஆகஸ்ட் 30 'மனைவி நல வேட்பு நாள்' எனக் கொண்டாடப்படுவதும் இங்கு நோக்கத்தக்கது. கூட்டுறவு மன்றத்தோடு முடியாமல் இல்லத்துக்குள்ளும் நீள்வதை இது காட்டுகிறது.

முடிவுரை

வேதாத்திரி 28.03.2006 அன்று மறைந்தார், மன்றங்கள் தொடர்கின்றன. ஒரு குருவின் மறைவோடு நெறி நின்றுவிடாமல் காத்தது இவ்வமைப்பே. எனினும் ஆசிரியர் பெருகும்போது பயிற்சி வெறும் பாடமாகச் சுருங்கும் இடரும் உண்டு. எனவே மன்றங்களின் எண்ணிக்கையைக் கொண்டு இதன் வெற்றியை அளவிடல் பொருந்தாது. ஆசிரியர் தம் மாணவரை எந்த அளவுக்கு அறிந்திருக்கிறார், மாணவரின் சினம் அவர் இல்லத்தில் எந்த அளவுக்குத் தணிந்திருக்கிறது என்பனவே உரிய அளவுகோல்களாகும்.