கொட்டப்பெட்டியில் கிடந்த ஜேர்மன் ரூபா

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய வெள்ளிக் காசு வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

போன கிழமை பத்தாம் தர மாணவன் ஒருவன், "சேர், இது விக்டோரியா ராணிக் காசா?" என்று ஒன்றை நீட்டினான். உம்மும்மாவின் கொட்டப்பெட்டியில் கிடந்ததாம். அவருடைய வாப்பா கப்பலில் வேலை செய்தவர். நகைக்கடையில் நிறுத்து, வெள்ளிக்கு விலையும் சொல்லிவிட்டார்களாம்.

பார்த்தால் ராணி இல்லை. கழுகு வைத்த தலைக்கவசம், முறுக்கு மீசை. ஜேர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம்! மறுபக்கம் சிங்கம், பனை போல ஒரு மரம், 1890 என்ற ஆண்டு. ஜேர்மன் மொழியில் "ஒரு ரூபா" என்று எழுதியிருக்கிறது.

ஜேர்மனியில் ஓடியது மார்க். அப்படியென்றால் ரூபா எங்கிருந்து வந்தது?

இது ஜேர்மனிக்காக அடித்த காசு அல்ல. இன்றைய தன்சானியாவின் பெருநிலம் அன்று ஜேர்மன் கிழக்காபிரிக்காவில் இருந்தது. அங்கே ஆட்சி பிடித்த ஜேர்மன் கிழக்காபிரிக்கக் கம்பனி வெளியிட்ட காசு இது. அந்தக் கரையோரச் சந்தைகளில் கோஜா, போரா வியாபாரிகள் உட்பட எல்லோருக்கும் பழகிப்போனது இந்திய வெள்ளி ரூபா. பேரரசரின் கம்பனியும் அதற்குப் பணிய வேண்டியதாயிற்று. அதே 11.66 கிராம் நிறை, 12 இல் 11 பங்கு வெள்ளி, ரூபாவுக்கு 64 பைசா. பேரரசரின் முகம் மட்டும்தான் புதுசு. எங்கள் விஞ்ஞானகூடத் தராசில் வைத்தேன், 11.5 காட்டியது. தேய்மானம் போக மிச்சம்.

அதே இந்திய ரூபாதான் இங்கேயும் ஓடியது. 1872 இல் இலங்கை ரூபா, சதக் கணக்குக்கு மாறியது. 1892 இல் இருந்து 50, 25, 10 சதம் வெள்ளியில் வந்தன. ஆனால் அந்த நூற்றாண்டில் இலங்கைக்கென்று ஒரு ரூபா வெள்ளிக் காசு அடிக்கவே இல்லை.

எனக்கு இன்னும் பிடித்தது அந்தக் கம்பனியின் செப்புப் பைசா. ஒரு பக்கம் 1890. மறுபக்கம் அரபு எழுத்தில் ஜேர்மன் கம்பனி என்ற பெயரும் ஹிஜ்ரி 1307 உம். சந்தையில் யார் வாசிப்பார்கள் என்று பெர்லினுக்குத் தெரிந்திருக்கிறது.

(ஆசிரியர் அறையில் ஒருவர், "ஜேர்மன் சில்வர் தானே?" என்றார். இல்லை. அது செம்பு, நிக்கல், நாகம் சேர்ந்த கலவை. அதில் பொட்டு வெள்ளியும் கிடையாது.)

தயவுசெய்து இப்படியான காசுகளைப் புளி, தேசிக்காய், பற்பசை போட்டுத் தேய்க்காதீர்கள். கறுப்பு இருந்தால் இருக்கட்டும். சேகரிப்பவர்கள் மினுக்கிய காசுக்கு விலை குறைப்பார்கள். போலிகளும் உண்டு, ஆகவே முதலில் நிறையைப் பாருங்கள். உருக்கக் கொடுக்கும் முன் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். காசு வேண்டாம், படம் போதும்.

மாணவனிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஒன்றுதான் இருந்ததா?" என்று கேட்டேன்.

"மூன்று இருந்தது சேர். மற்ற ரெண்டையும் உருக்கித் தம்பிக்கு அறுணாக்கொடி செஞ்சாச்சு."