உருளைக்கிழங்குப் பின்கருகல் நோய்

உருளைக்கிழங்கையும் தக்காளியையும் தாக்கி, குளிரும் ஈரமும் கூடிய பருவத்தில் ஒரு வயலைச் சில நாள்களில் அழித்துவிடும் இலைக்கருகல் நோய். இதற்குக் காரணம் ஃபைட்டோஃப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்னும் நுண்ணுயிர். பழைய நூல்கள் இதைப் பூஞ்சை என்றே வகைப்படுத்தின. உழவர் வழக்கிலும் மருந்துக்கடைகளிலும் இன்றும் இது பூஞ்சாண நோய்தான். ஆயினும் இதன் செல்சுவரில் செல்லுலோஸ் அடங்கியுள்ளது. உறவுமுறையில் இது காளானைவிடப் பழுப்புப் பாசிகளுக்கும் டயாட்டம்களுக்கும் நெருங்கியது. எனவே இக்கால வகைப்பாட்டில் நீர்ப்பூஞ்சைகள் எனப்படும் தனிக் கூட்டத்தில் வைக்கப்படுகிறது. ஆல்டர்நேரியா பூஞ்சையால் வரும் முன்கருகல் நோய் இதனின்றும் வேறானது.

நோய் கண்ட இலையின் நுனியிலும் ஓரத்திலும் நீர் கோத்தது போன்ற கரும்பச்சைத் திட்டுகள் தோன்றும். ஈரமான காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் திட்டின் விளிம்பில் வெண்ணிறப் படலம் தெரியும். கிழங்கின் தோலுக்கடியில் செம்பழுப்பு நிறத்தில் அழுகல் பரவும்.

பரவும் முறை

வெண்படலத்தில் எலுமிச்சை வடிவிலான வித்துப்பைகள் உருவாகின்றன. இவை காற்றிலும் மழைத்துளியிலும் அடுத்த செடிக்குச் செல்கின்றன. வெப்பநிலை ஏறக்குறைய 15 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால் ஒவ்வொரு பையும் வெடித்து, நீந்தக்கூடிய பல வித்துகளை வெளிவிடும். வெப்பம் கூடினால் பையே நேரடியாக முளைக்கும். தொற்றிலிருந்து புதிய வித்து உண்டாகும் வரை ஒரு சுற்று முடிய ஒரு வாரமே போதும்.

இவ்வாறு பெருகும் உயிர்கள் அனைத்தும் மரபுப்பண்பில் ஒன்றுக்கொன்று நகல்கள். பாலினப் பெருக்கம் நடக்க ஏ1, ஏ2 என்னும் இரு இணைவகைகளும் ஒரே செடியில் சந்திக்க வேண்டும். சந்தித்தால் தடித்த சுவருடைய முட்டைவித்துகள் பிறக்கும். அவை செடியின்றியே மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். சந்திக்காவிட்டால் நோய்க்கிருமி அடுத்த பருவம் வரை பிழைத்திருக்க உயிருள்ள செடியோ கிழங்கோ தேவை. அதனால் கண்டம்விட்டுக் கண்டம் செல்ல இதற்கு வாய்த்த முதன்மையான ஊர்தி விதைக்கிழங்கு. இந்நோயின் வரலாற்றில் பெரும்பகுதி விதைக்கிழங்கின் பயண வரலாறே.

தோன்றிய இடம்

மெக்சிகோவின் தொலூக்கா பள்ளத்தாக்கா, தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. 1950களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் வேளாண் திட்டத்தில் மெக்சிகோவில் பணியாற்றிய ஜான் நீடர்ஹவுசர், அங்குள்ள காட்டு உருளைக்கிழங்கு இனங்கள் நோயைத் தாங்கி நிற்பதைக் கவனித்தார். பிறகு இரு இணைவகைகளும் முட்டைவித்துகளும் மெக்சிகோவில் ஒருங்கே இருப்பது கண்டறியப்பட்டு 1958இல் வெளியாயிற்று. நெருங்கிய உறவினங்களான மிராபிலிஸ், ஐப்போமியே ஆகிய இரண்டும் அங்கேயே வாழ்கின்றன. இவை மெக்சிகோ தரப்பின் சான்றுகள். உருளைக்கிழங்கு பிறந்த மண் ஆண்டிஸ் என்பதும், ஆண்டினா என்னும் மற்றோர் உறவினம் அங்கு வாழ்வதும் எதிர்த்தரப்பின் சான்றுகள். மரபுவரிசைகளைக் கொண்டு 2007இல் வந்த ஆய்வு ஆண்டிஸ் என்றது. 2014இல் வந்தது மெக்சிகோ என்றது. முழு மரபுத்தொகைகளை ஒப்பிட்டு 2025இல் வந்தது மீண்டும் ஆண்டிஸ் பக்கம் சாய்ந்தது. முடிந்த வழக்காக இதைக் கொள்வதற்கில்லை.

1843 முதல் 1847 வரை

இந்த ஐந்தாண்டுகளுக்கு ஆவணங்கள் நிறையக் கிடைக்கின்றன. 1843இல் அமெரிக்காவின் பிலடெல்பியா, நியூயார்க் நகரங்களைச் சுற்றிய வயல்களில் புதிய நோய் ஒன்று தென்பட்டது. அடுத்த ஈராண்டுகளில் அது அண்டை மாநிலங்களுக்கும் கனடாவுக்கும் பரவியது. ஏறத்தாழ அதே சமயம் பெல்ஜியத்தின் மேற்கு ஃப்ளாண்டர்ஸ் மாகாண நிர்வாகம், உள்ளூர் ரகங்கள் வேறொரு அழுகலால் நலிந்ததால், அமெரிக்கக் கண்டத்திலிருந்து புதிய விதைக்கிழங்குகளை வரவழைத்துப் பயிரிட்டுப் பார்த்தது. நோய் கடல் கடந்தது இச்சரக்கோடுதான் என்பது அயர்லாந்து வானிலையாளர் ஆஸ்டின் பர்க்கின் கருத்து. பெரு நாட்டிலிருந்து உரமாகக் கொண்டுவரப்பட்ட கடற்பறவை எச்சக் கப்பல்களைச் சுட்டுவோரும் உண்டு.

1845 ஜூன் இறுதியில் பெல்ஜியத்தின் கோர்ட்ரெய்க் பகுதியில் பயிர் கருகியது. ஆகஸ்ட் நடுவில் பாரிஸ் சுற்றுப்புறமும் தென் இங்கிலாந்தும் பாதிக்கப்பட்டன. ஆகஸ்ட் 20 அன்று டப்ளின் கிளாஸ்நெவின் தாவரவியல் தோட்டத்தில் அதன் பொறுப்பாளர் டேவிட் மூர் நோயைக் கண்டார். செப்டம்பர் 13ஆம் நாள் ‘கார்டனர்ஸ் குரோனிக்கிள்’ இதழில் அதன் ஆசிரியர் ஜான் லிண்ட்லி, அச்சு வேலையை நிறுத்திவைத்து, அயர்லாந்திலும் நோய் உறுதியானதென்று அறிவித்தார்.

அவ்வாண்டு அயர்லாந்து இழந்தது விளைச்சலில் மூன்றிலொரு பங்கு என்றும் பாதி என்றும் கணக்குகள் வேறுபடுகின்றன. 1846இல் ஏறக்குறைய முழுவதும் போயிற்று. மதுவிலக்குப் பரப்புரையால் புகழ்பெற்ற பாதிரியார் தியோபால்ட் மாத்யூ, ஜூலை 27 அன்று கார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்றபோது வழிநெடுகப் பயிர் செழித்து நிற்கக் கண்டார். ஆகஸ்ட் 3 அன்று திரும்பியபோது அதே வழியில் அழுகிய தழையைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அரசு அதிகாரிக்கு எழுதினார்.  வித்துகள் ஒரே நாளில் வந்திறங்கவில்லை. பச்சையாகத் தெரிந்த வயல்களுக்குள் அவை முன்பே பெருகியிருக்க வேண்டும்.

எளியோர் உணவாக இருந்தது பெரும்பாலும் ‘லம்பர்’ என்னும் ஒரே ரகம். வளமற்ற நிலத்திலும் விளையும். கிழங்கிலிருந்தே பயிராவதால் செடிகளெல்லாம் ஒரே மரபுடையவை. எதிர்ப்பாற்றலும் அதற்கு இல்லை. 1847இல் நோய் தணிந்தபோதும் நடுவதற்கு விதை இல்லை: பஞ்சத்துக்கு முன் சுமார் 20 லட்சம் ஏக்கராக இருந்த பரப்பு 3 லட்சத்துக்கும் கீழே சுருங்கியது. 1841 கணக்கெடுப்பில் 81 லட்சத்தைத் தாண்டியிருந்த அயர்லாந்தின் மக்கள்தொகை 1851இல் சுமார் 65 லட்சம். பட்டினியாலும் அதனோடு வந்த காய்ச்சலாலும் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினர். அந்தப் பஞ்ச ஆண்டுகளிலும் அயர்லாந்திலிருந்து தானியமும் கால்நடையும் ஏற்றுமதியாயின. சாவுக்குக் கருகல் நோய் எவ்வளவு பொறுப்பு, நில உரிமை முறையும் ஆட்சியாளரின் கொள்கையும் எவ்வளவு பொறுப்பு என்பது வரலாற்றாசிரியரிடையே தீராத விவாதம்.

காரணம் தேடியவர்கள்

நெப்போலியனின் படைகளில் மருத்துவராக இருந்த கமீல் மோந்தாஞ், 1845 ஆகஸ்ட் 30 அன்று பாரிசில் இக்கிருமியை விவரித்து ‘பாட்ரைட்டிஸ் இன்ஃபெஸ்டன்ஸ்’ என்று பெயரிட்டார். இங்கிலாந்தின் கிங்ஸ் கிளிஃப் சிற்றூரில் வாழ்ந்த திருச்சபைப் பணியாளர் மைல்ஸ் பெர்க்லி, நோய்க்குக் காரணமே அந்த வெண்படலம்தான் என்று 1846இல் எழுதினார். லிண்ட்லி உள்ளிட்ட பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. மழையை உறிஞ்சிப் பருத்த செடி அழுகியது என்றும், அழுகலின்மேல் பூஞ்சை பின்னர் வளர்ந்தது என்றும் கருதினர். நோய்க்கிருமிக் கொள்கையே உருவாகாத காலத்தில், நுண்ணோக்கியில் கண்டதை மட்டும் நம்பி நின்றவர் பெர்க்லி. கருகிய இலைகளை அவர் தாளில் ஒட்டி, இடமும் நாளும் குறித்துவைத்தார். பின்னாளில் அவரது தொகுப்பு கியூ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்தது. ஜெர்மானியத் தாவரவியலர் ஆன்டன் டி பாரி 1861இல் சோதனைகளால் பெர்க்லியின் கூற்றை நிறுவினார்; இன்றைய அறிவியல் பெயர் 1876இல் அவர் இட்டது.

1885இல் திராட்சைக்காக அறிமுகமான, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை விரைவில் உருளைக்கிழங்குக்கும் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் காட்டினமான சொலானம் டெமிசத்திலிருந்து எதிர்ப்பு மரபணுக்கள் பயிருக்குள் புகுத்தப்பட்டன. நோய்க்கிருமி ஒவ்வொன்றையும் முறியடித்தது.

ஏ2 வகையின் வெளியேற்றம்

1970களின் இறுதி வரை மெக்சிகோவுக்கு வெளியே ஏ1 வகை மட்டுமே அறியப்பட்டிருந்தது. சுவிட்சர்லாந்தில் 1981இல் எடுத்த மாதிரிகளில் ஏ2 இருந்ததாக 1984இல் செய்தி வெளியானது. 1976இன் வறட்சியால் ஐரோப்பாவில் கிழங்கு அரிதானபோது மெக்சிகோவிலிருந்து வந்த சரக்கே அதைக் கொண்டுவந்திருக்கலாம் என்பர். ஏறத்தாழ அக்காலத்திலேயே, 1980இல், மெட்டலாக்சில் என்னும் புதிய மருந்து அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் பலிக்காமற்போனது.

உலர் இலைகள் சொன்னவை

1994இல் குட்வின், கோஹன், ஃபிரை ஆகியோர், மெக்சிகோவுக்கு வெளியே உலகெங்கும் பரவியிருந்தது யு.எஸ்.-1 என்னும் ஒரே நகல்வழி என்று காட்டினர். அதுவே அயர்லாந்துப் பஞ்சத்துக்கும் காரணம் என்ற கருத்து அதனால் வலுப்பெற்றது. ஜீன் ரிஸ்டெய்னோ குழுவினர் 2001இல் உலர்தாவரத் தொகுப்புகளின் 19ஆம் நூற்றாண்டு இலைகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தபோது மைட்டோகாண்ட்ரியா வகை பொருந்தவில்லை: யு.எஸ்.-1 கொண்டிருப்பது 1பி. பழைய இலைகளில் இருந்தது 1ஏ. 2013இல் கியூவிலும் மியூனிக்கிலும் காக்கப்பட்ட இலைகளைக் கொண்டு மரபுத்தொகையே படிக்கப்பட்டது. பஞ்சத்துக்குக் காரணமான வழிக்கு ஒரு குழு ஹெர்ப்-1 என்று பெயரிட்டது. ரிஸ்டெய்னோவின் குழு அதனையே ஃபாம்-1 என்கிறது. அது யு.எஸ்.-1இன் தாய் அன்று, உடன்பிறப்பு. ஆறு கண்டங்களின் பழைய மாதிரிகளில் பெரும்பான்மையானவை ஃபாம்-1 என்பதும், யு.எஸ்.-1 பின்னர் வந்து அதன் இடத்தைப் பிடித்தது என்பதும் பின்வந்த ஆய்வுகளின் முடிவு. 1840களில் இலைகளைச் சேகரித்தவர் யாருக்கும் டி.என்.ஏ. என்றால் தெரியாது; ஆயினும் அவர்கள் ஒட்டிவைத்த தாள்கள் இல்லாவிடில் 1994இன் கருத்தைத் திருத்தியிருக்க முடியாது.

இந்த உயிரின் முழு மரபுத்தொகை 2009இல் வெளியாயிற்று. ஏறத்தாழ 24 கோடி எழுத்துகள் கொண்ட அதில் நான்கில் மூன்று பங்கு திரும்பத் திரும்ப வரும் வரிசைகள். செடியின் காவலை முறிக்கும் புரதங்களின் மரபணுக்கள் இவ்வரிசைகளின் நடுவே அமைந்து வேகமாக மாறுகின்றன. எதிர்ப்பு ரகங்கள் நெடுநாள் நிலைக்காததற்கு இது ஒரு விளக்கம்.

இந்தியா

நீலகிரியில் 1870க்கும் 1880க்கும் இடையே நோய் முதன்முதலாகக் காணப்பட்டதென்பது வழக்கமான குறிப்பு. டார்ஜிலிங்கில் 1883 என்பர். 1968இல் வெளியான குஃப்ரி ஜோதி ரகம் முதலில் நோயைத் தாங்கியது, பின்னர் அந்தத் திறன் குறைந்தது. வடஇந்திய மலைகளில் ஏ2 வகை 1990களில் பதிவாயிற்று.

2004இல் நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் கண்டறியப்பட்ட 13_ஏ2 என்னும் நகல்வழி, மெட்டலாக்சிலுக்கு அடங்காதது. பிரிட்டனில் சில ஆண்டுகளிலேயே பிறவற்றை ஒதுக்கிவிட்டுப் பெரும்பான்மையானது. 2009, 2010 ஆண்டுகளில் கர்நாடகம் உள்ளிட்ட தென்மேற்கு இந்தியாவில் தக்காளியை அழித்ததும் இதுவே. இறக்குமதியான விதைக்கிழங்கு வழியாக அது வந்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர் கருத்து. 2013-14இல் மேற்கு வங்க உருளைக்கிழங்கு வயல்களிலும் அது பரவியது.

அண்மை நிலை

ஐரோப்பாவில் 36_ஏ2, 37_ஏ2, 41_ஏ2 ஆகிய புதிய வழிகள் 2013 முதல் தென்படுகின்றன. 37_ஏ2 ஃப்ளுவாசினம் மருந்துக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை. யூரோபிளைட் கூட்டமைப்பு ஆண்டுதோறும் வயல் மாதிரிகளின் மரபு வகைகளைக் கணித்து வரைபடமாக வெளியிடுகிறது.