சாம்பல் தூவிய பேழை

பண்டைய பாலஸ்தீனத்தில் கோடை முழுவதும் வானம் வறண்டு கிடக்கும். எகிப்துக்கு நைல் இருந்தது; மலைநாட்டு யூத உழவனுக்கு அப்படி ஓர் ஆறு இல்லை. இலையுதிர் காலத்தில் முன்மாரி இறங்கினால்தான் ஏர் பூட்டலாம், தொட்டிகளில் குடிநீர் சேரும். அந்த மழை தவறினால் ஊர் என்ன செய்யவேண்டும் என்பதற்கு முறையே வகுத்திருந்தார்கள். கி.பி. 200 வாக்கில் கலிலேயாவில் யூதா ஹநாசி தொகுத்த மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பில் அதற்கென்றே ஒரு பகுதி உண்டு. அதன் பெயர் 'தஆனித்', அதாவது நோன்பு.

மர்ஹெஷ்வான் மாதம் 17ஆம் நாள் வந்தும் மழையைக் காணோம் என்றால் முதலில் சிலர் மட்டும் 3 நாள் நோன்பிருப்பார்கள். அடுத்த மாதமான கிஸ்லேவ் பிறந்தும் மேகம் கூடவில்லையென்றால் ஊர் முழுவதற்கும் நோன்பு. முதலில் 3 நாள், பிறகு இன்னும் கடுமையாக 3, அதற்கும் மழை இறங்காவிட்டால் மேலும் 7.

அந்தக் கடைசி ஏழு நாள்களில்தான் பேழை தெருவுக்கு வரும். தோரா என்னும் வேதச் சுருள்கள் இருக்கும் பேழையை ஊர்ச் சதுக்கத்துக்கு எடுத்துவந்து அதன்மேல் சாம்பலைத் தூவுவார்கள். சமூகத் தலைவரின் தலையிலும் சாம்பல், நீதிமன்றத் தலைவரின் தலையிலும் சாம்பல். மற்றவர்கள் தாங்களே அள்ளித் தலையில் இட்டுக்கொள்வார்கள். மூத்தவர் ஒருவர் எழுந்து நினிவே மக்களை நினைவூட்டுவார்: அவர்கள் உடுத்திய சாக்கையும் இருந்த பட்டினியையும் பார்த்துக் கடவுள் இரங்கவில்லை, தீய வழியை விட்டுத் திரும்பியதைப் பார்த்தே இரங்கினார் என்று. ஜெபத்தை நடத்த அழைக்கப்படுபவர் வயதில் முதிர்ந்தவராக, ஜெபத்தில் பழகியவராக, பிள்ளைகள் உள்ளவராக, வீடு வெறுமையாகக் கிடப்பவராக இருக்கவேண்டும். அப்போதுதான் அவருடைய மனம் முழுவதும் ஜெபத்தில் நிற்குமாம். இந்த விதியை வகுத்தவர்கள் பசியை அருகிலிருந்து பார்த்தவர்களாகத்தான் இருக்கவேண்டும்.

அன்றாடம் சொல்லும் வேண்டல்கள் 18. இந்த நோன்பு நாள்களில் அவற்றோடு 6 சேர்ந்து 24 ஆகும். வழக்கமான மீட்பு வேண்டலில் தொடங்கி, சேர்த்த ஆறிலும் ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பெயரும் ஓர் இடமும் வரும். மோரியா மலையில் ஆபிரகாம், செங்கடலில் முன்னோர், கில்காலில் யோசுவா, மிஸ்பாவில் சாமுவேல், கர்மேலில் எலியா, மீனின் வயிற்றில் யோனா, எருசலேமில் தாவீதும் சாலொமோனும். அன்று அவர்களுக்குச் செவிகொடுத்தவர் இன்று நமக்கும் செவிகொடுக்கட்டும் என்பதே ஒவ்வொரு முடிவின் சாரமும்.

இந்த வரிசையில் வருகிறவர்கள் ஒரே வகை ஆபத்தில் சிக்கியவர்கள் அல்லர். ஒருவருக்குப் போர்க்களம், ஒருவருக்குக் கடலின் ஆழம், ஒருவருக்குப் பெற்ற மகனையே பலியிடும் தருணம். யோனாவோ கடவுளின் கட்டளைக்குத் தப்பியோடியவர். அவருக்கும் இதில் இடமுண்டு. சாம்பல் பூசி நிற்கும் ஊர் 'நாங்கள் தகுதியானவர்கள்' என்று வாதாடவில்லை. நடந்ததை இடம் சுட்டிச் சொல்கிறது, அவ்வளவுதான். தகுதி இல்லாதவனும் கேட்கத் துணிவது அதனால்தான்.

காலவரிசைப்படி தாவீதும் சாலொமோனும் யோனாவுக்கு முந்தியவர்கள். அவர்களை ஏன் கடைசியில் வைத்தார்கள் என்று மிஷ்னாவை விளக்கிய தால்முது அறிஞர்களே கேட்டிருக்கிறார்கள். நிலத்தின்மேல் இரங்குகிறவரே என்ற போற்றுதலோடு ஜெபத்தை முடிக்க விரும்பினார்கள் என்பது அவர்கள் தந்த விடை. பொருத்தமும் இருக்கிறது: தாவீதின் நாளில் 3 ஆண்டு பஞ்சம் வந்தது, மழை அடைபட்ட காலத்தில் ஜனங்கள் வேண்டினால் கேட்டருளும்படி சாலொமோன் ஆலயப் பிரதிஷ்டையிலேயே மன்றாடியிருந்தார்.

பின்னாளில் பாவமன்னிப்பு வேண்டும் 'செலிகோத்' ஜெபங்களில் இந்த வரிசை இன்னும் நீண்டது. சிங்கக் குகையின் தானியேலும், சூசான் நகரின் மொர்தெகாயும் எஸ்தரும் வந்து சேர்ந்தார்கள். இன்றும் யூதர்கள் அதை ஓதுகிறார்கள்.

மழை வந்துவிட்டால்? அதற்கும் மிஷ்னாவில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. லித்தா ஊரில் ஒருமுறை நோன்பு அறிவித்தார்கள். நண்பகலுக்கு முன்பே மழை கொட்டியது. போய்ச் சாப்பிட்டுக் குடித்துக் கொண்டாடுங்கள் என்றார் ரபி தார்போன். ஜனங்கள் வீட்டுக்குப் போய் உண்டு மகிழ்ந்தார்கள். அந்தி சாயும் வேளையில் திரும்பக் கூடி, செங்கடல் பிளந்ததையும் பாடும் 136ஆம் சங்கீதத்தைச் சொன்னார்கள்.