'பெஸ்ட் செல்லர்' என்றால் தரமானதா? இணையவழி முத்திரைகளும் மதிப்புரைகளும் சொல்வது என்ன?

புதுடெல்லி: இணையவழி விற்பனைத் தளத்தில் 'பிரஷர் குக்கர்' என்று தேடினால், முதல் திரையிலேயே பல முத்திரைகள் கண்ணில் படுகின்றன. 'பெஸ்ட் செல்லர்', 'அமேசான்ஸ் சாய்ஸ்', 'அஷ்யூர்டு' என ஒவ்வொன்றும் வாங்குபவரின் தயக்கத்தைப் போக்குவதற்காகவே வைக்கப்பட்டவை. ஆனால், அடுப்பில் ஏற்றப்படும் அந்தக் குக்கர் பாதுகாப்பானது என்று இவற்றில் ஒன்றும் சான்றளிப்பதில்லை.

இது வெறும் அச்சமன்று. வீட்டு உபயோக பிரஷர் குக்கர்களுக்கு ஐஎஸ் 2347 தரநிலையைக் கட்டாயமாக்கிய ஆணை 2021 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் பிறகும் இத்தரநிலைக்கு உட்படாத குக்கர்கள் அமேசான் தளத்தில் 2,265-ம், பிளிப்கார்ட் தளத்தில் 598-ம் விற்கப்பட்டதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கண்டறிந்தது. வாங்கியவர்களுக்குத் தகவல் தெரிவித்து, பொருளைத் திரும்பப் பெற்று, பணத்தைத் திருப்பித் தருமாறு 2022 ஆகஸ்டில் ஆணையம் உத்தரவிட்டதுடன், இரு நிறுவனங்களுக்கும் தலா ரூ.1 லட்சம் அபராதம் விதித்தது.

முத்திரைகளின் பொருள் என்ன?

'பெஸ்ட் செல்லர்' என்பது விற்பனை எண்ணிக்கையை மட்டுமே குறிக்கிறது. அதுவும் ஒட்டுமொத்த விற்பனையில் அல்ல, குறிப்பிட்ட ஒரு பிரிவுக்குள் மட்டும். போட்டி குறைந்த உட்பிரிவில் பட்டியலிடப்பட்ட பொருள், குறைவாக விற்றாலும் அங்கே முதலிடம் பெற முடியும். எந்தப் பிரிவில் முதலிடம் என்பது முத்திரையின் அருகிலேயே சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் படிப்பவர்கள் குறைவு.

'அமேசான்ஸ் சாய்ஸ்' 2015-ல் அறிமுகமானது. குரல் வழியாகப் பொருள் கேட்கும் வாடிக்கையாளருக்கு நீண்ட பட்டியலை வாசித்துக் காட்ட இயலாது என்பதால், ஒரே ஒரு பரிந்துரை தேவைப்பட்டது. நல்ல மதிப்பீடு, ஏற்ற விலை, உடனே அனுப்பத் தயாரான இருப்பு ஆகியவை இதற்கு அடிப்படை என்கிறது அந்நிறுவனம். பெயரில் 'தேர்வு' என்று இருந்தாலும், வல்லுநர் குழு ஒன்று பொருளைப் பயன்படுத்திப் பார்த்து வழங்கும் விருது அல்ல இது. தேடும் சொல்லை மாற்றினால் முத்திரையும் வேறு பொருளுக்குத் தாவிவிடக்கூடும்.

'ஸ்பான்சர்டு' என்று மங்கலான எழுத்தில் இருந்தால், அந்த இடத்துக்கு விற்பனையாளர் பணம் செலுத்தியிருக்கிறார் என்று பொருள்.

நட்சத்திரங்களை எப்படிப் படிப்பது?

40 பேர் அளித்த 4.2-ம், 4,000 பேர் அளித்த 4.2-ம் ஒன்றல்ல. சராசரியைக் காட்டிலும், ஐந்து முதல் ஒன்று வரையிலான நட்சத்திரங்கள் எவ்வாறு பரவியுள்ளன என்பதே கூடுதல் செய்தியைத் தருகிறது. ஐந்திலும் ஒன்றிலும் மட்டும் மதிப்பீடுகள் குவிந்து நடுப்பகுதி வெறுமையாக இருந்தால் சற்று நிதானிக்கலாம். இரண்டு, மூன்று நட்சத்திர மதிப்புரைகளே பெரும்பாலும் பயனுள்ளவை. ஏனெனில் குறை எது, நிறை எது என்று பிரித்துச் சொல்பவர்கள் அவர்களே.

'வெரிஃபைட் பர்ச்சேஸ்' என்ற குறிப்பு, எழுதியவர் அதே தளத்தில் பொருளை வாங்கினார் என்பதை மட்டுமே உறுதிசெய்கிறது. ஐந்து நட்சத்திரம் அளித்தால் பணம் திருப்பித் தரப்படும் என்று பெட்டிக்குள் அட்டை வைக்கும் விற்பனையாளர்கள் உண்டு. அவ்வாறு எழுதப்படும் மதிப்புரையிலும் இதே குறிப்பு தோன்றும். வெவ்வேறு அளவு, மாடல்களின் மதிப்புரைகள் ஒரே பக்கத்தில் சேர்க்கப்படுவதும் வழக்கம். 3 லிட்டர் குக்கரைப் பாராட்டிய வரிகள் 5 லிட்டர் குக்கரின் பக்கத்திலும் இருக்கும்.

போலி அல்லாத மதிப்புரைகளும் உதவாமல் போவதுண்டு. 'பேக்கிங் அருமை, ஒரே நாளில் வந்தது' என்பது கூரியருக்கான பாராட்டு. ஆறு மாதம் கழித்து கேஸ்கெட் தளர்ந்ததா என்று எழுதியவரைத் தேடிப் படிப்பதே பயன் தரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

விற்பனையாளர் தம்மை நுகர்வோராகக் காட்டிக்கொண்டு மதிப்புரை எழுதுவதை நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், 2020 தடை செய்கின்றன. பொருட்களை வரிசைப்படுத்தும் முக்கிய அளவுகோல்களைத் தளங்கள் எளிய மொழியில் விளக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உள்ளது. மதிப்புரைகளைச் சேகரித்தல், சரிபார்த்தல், வெளியிடுதல் ஆகியவற்றுக்கென ஐஎஸ் 19000:2022 என்ற தரநிலையை இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் வெளியிட்டது. விலைக்கு வாங்கப்பட்ட மதிப்புரைகளை அது ஏற்பதில்லை. எனினும், தன்னார்வ அடிப்படையில் பின்பற்றும் ஒன்றாகவே அது அறிமுகமானது. அதன் பலவீனமும் அதுவே.

'இன்னும் 2 மட்டுமே உள்ளன' என்று பொய்யான அவசரத்தை உண்டாக்குவது, 2023 நவம்பர் 30-ல் அறிவிக்கப்பட்ட வழிகாட்டுதல்கள் பட்டியலிடும் 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று.

வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

குக்கர், ஹெல்மெட் போன்ற கட்டாயத் தரச்சான்று தேவைப்படும் பொருட்களில், தளத்தின் முத்திரையைவிட ஐஎஸ்ஐ முத்திரையே முதன்மையானது. அதன் மேலே தரநிலை எண்ணும், கீழே சிஎம்/எல் எனத் தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்த உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் உள்ளிட்டால், எந்த நிறுவனத்துக்கு உரிமம் வழங்கப்பட்டது, அது இப்போது செல்லுபடியாகிறதா என்பது தெரியவரும். விற்பனைப் பக்கத்தின் படங்களில் எண் தெளிவாக இல்லையெனில், பொருள் கைக்கு வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சரிபார்த்துவிடலாம்.

ஏமாற்றப்பட்டதாகக் கருதுவோர் முதலில் தளத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார் அளிக்கலாம். புகார் பெறப்பட்டதை 48 மணி நேரத்துக்குள் அவர் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலும் முறையிடலாம். முத்திரைகளும் விலையும் அடிக்கடி மாறக்கூடியவை என்பதால், வாங்கிய நேரத்தில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் புகாருக்குத் துணையாக இருக்கும்.