செம்பியன் மாதேவியின் நினைவிடம் எது? கல்வெட்டுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

சோழ அரசியருள் தம் பெயரால் ஓர் ஊரும், அவ்வூர்க் கோயிலில் தமக்கெனத் திருமேனியும், பிறந்தநாள் வழிபாடும் பெற்றவர் செம்பியன் மாதேவி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் ஊரின் கைலாசநாதர் கோயிலே அவரைப் போற்றும் இடமாக இன்று அறியப்படுகிறது. அங்கு மக்கள் நினைவில் நிலைத்திருப்பது கணவரைப் பிரிந்தபின் சிவத்தொண்டில் வாழ்ந்த பக்தையின் உருவம். கல்வெட்டுகளில் தெரிபவரோ ஆள்களையும் பொருளையும் ஆவணங்களையும் ஒருங்கே ஆண்ட நிர்வாகி. இந்த இரண்டாவது உருவம் பதிந்துள்ள கற்றளிச் சுவர்களையும் அவருடைய நினைவிடங்களாக ஏற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காலமும் சூழலும்

மழவரையர் குடியில் பிறந்த செம்பியன் மாதேவி, முதலாம் பராந்தகனின் மகன் கண்டராதித்தனை மணந்தவர். தில்லை இறைவன்மீது திருவிசைப்பா பாடிய கண்டராதித்தன் ஏறத்தாழ 957-இல் மறைந்தபோது, அவர்களுடைய மகன் மதுராந்தகன் சிறுவன். அரியணை அரிஞ்சயனுக்கும் பின்னர் சுந்தர சோழனுக்கும் சென்றது. மதுராந்தகன் உத்தம சோழன் என்னும் பெயரில் ஏறத்தாழ 970 முதல் 985 வரை ஆண்டான். அவனுக்குப் பின் முதலாம் இராசராசன் முடிசூடினான். அரசியின் கொடைகள் 941 முதல் 1001 வரை, ஏறத்தாழ அறுபது ஆண்டுக் காலத்தில் பரவிக் கிடக்கின்றன. சோழநாட்டு அரச குடும்பத்தில் இத்தனை நீண்ட காலம் இடையறாது கோயிற்பணி செய்தவர் அரியர்.

தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் பல அப்போது செங்கல் தளிகளாக இருந்தன. அவற்றைக் கல்லால் மாற்றிக் கட்டும் பணி அவருக்கு முன்பே தொடங்கிவிட்டது. அதைத் தலந்தோறும் தொடர்ந்து செய்யும் ஒரு திட்டமாக ஆக்கியதே அவருடைய முன்னோடித்தன்மை. கோனேரிராசபுரம், ஆடுதுறை, திருக்கோடிகா, விருத்தாசலம், திருவாரூர் அரநெறி ஆகியவை அத்திட்டத்தின் சான்றுகள். இக்கோயில்களின் அர்த்தமண்டபச் சுவரிலும் தேவகோட்டங்கள் பெருகுகின்றன. கணபதி, அகத்தியர், ஆடவல்லான் முதலிய உருவங்கள் தமக்குரிய இடங்களில் அமைகின்றன. பல ஊர்களில் ஒரே ஒழுங்கு திரும்பத் திரும்ப வருவதற்குப் பின்னால் ஒரு திட்டமிடும் மனம் இருந்திருக்க வேண்டும்.

சுவர் சொல்லும் செய்தி

கோனேரிராசபுரத்தின் பழம்பெயர் திருநல்லம். அங்குள்ள உமாமகேசுவரர் கோயிலின் தென்சுவரில், கண்டராதித்தன் இலிங்கத்தை வழிபடும் புடைப்புச் சிற்பம் உள்ளது. அதன் கீழுள்ள கல்வெட்டு, செம்பியன் மாதேவி தம் கணவர் பெயரால் இக்கற்றளியை எடுப்பித்ததைக் கூறி, சிற்பத்தில் இருப்பவர் யாரென்றும் தெரிவிக்கிறது. அதே கோயிலில் ஆலத்தூரைச் சேர்ந்த சாத்தன் குணபத்தன் என்னும் அரசரணசேகரனின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. அரசியின் ஆணைப்படி கட்டுமானத்தை நடத்திய அவர் இராசகேசரி மூவேந்தவேளான் என்னும் பட்டம் பெற்றதை அக்கல்வெட்டு பதிவு செய்கிறது. கட்டுவித்தவரும் யார் பொருட்டுக் கட்டப்பட்டதோ அவரும் கட்டியவரும் ஒரே கோயிலில் பெயரோடு நிற்பது சோழர் கலை வரலாற்றில் அரிதான சான்று.

திருக்கோடிகாவின் சான்று இன்னும் ஆழமானது. பழைய கட்டடத்தைக் கலைத்துக் கற்றளி எடுத்தபோது, அங்கிருந்த முந்தைய கல்வெட்டுகள் புதிய சுவர்களில் படியெடுத்துப் பொறிக்கப்பட்டன. அவை பழங்கல்லின் படி என்ற குறிப்பும் சேர்க்கப்பட்டது. ஒரு கல்வெட்டு அழிந்தால் விளக்கெரிக்க வைத்த பொன்னுக்கும் அமுதுபடிக்கு விட்ட நிலத்துக்கும் ஆதாரம் போய்விடும். முன்னோர் கொடுத்த அறக்கட்டளைகளின் சட்ட உரிமையை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றிய செயல் இது. மூலத்தையும் படியையும் பிரித்துக் காட்டும் நேர்மையும் இதில் உண்டு. தமிழக ஆவணப் பாதுகாப்பு வரலாற்றில் இதற்குத் தனி இடம் தரப்பட வேண்டும்.

ஒரு மறுப்பும் விடையும்

அரசியர் கோயிலுக்குக் கொடை தருவது அக்கால வழக்கம். மகன் அரசனாக இருந்ததால் இவரால் மிகுதியாகச் செய்ய முடிந்தது என்று வாதிடலாம். உத்தம சோழன் காலத்தில் இப்பணி உச்சம் தொட்டது உண்மை. ஆனால் அவன் காலத்தோடு அது முடியவில்லை. திருவக்கரைக் கற்றளி இராசராசனின் 16-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1001-ஐ ஒட்டி, இவரால் எடுக்கப்பட்டது. மகன் ஆட்சி முடிந்து ஏறத்தாழ பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னும் கோயில் எடுப்பிக்கும் ஆற்றல் அவரிடம் இருந்தது. அது அரியணை மாற்றங்களைக் கடந்த செல்வாக்கு. கல்வெட்டுகள் அவரை மகளாகவும் மனைவியாகவும் தாயாகவும் அறிமுகம் செய்வது அக்கால மரபு. அந்த அறிமுகத்தைத் தொடர்ந்து வரும் செயல்கள் அவருடையவை.

எச்சரிக்கையும் தேவை. கலைப்பாணியை மட்டும் கொண்டு எல்லாப் பத்தாம் நூற்றாண்டுக் கற்றளிகளையும் படிமங்களையும் அவருக்கு உரியனவாக்குதல் அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. வாசிங்டனில் பிரீயர் கலைக்கூடம் 1929-இல் பெற்ற, ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலான உயரமுள்ள செப்புத் திருமேனி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது அரசியின் உருவமா, உமையின் உருவமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. படிமத்தின் அடையாளம் ஐயத்துக்கு இடமாகும்போதும், எழுத்துச் சான்று உறுதியாக நிற்கிறது.

முடிவுரை

உத்தம சோழனின் தேவியர் தம் மாமியாரின் பிறந்த நாளான கேட்டையன்று சிறப்பு வழிபாடு நடக்க அவர் பெயர் தாங்கிய ஊரில் கொடை வைத்தனர். அந்த மரபு போற்றத்தக்கது, தொடர வேண்டியது. அதனோடு மூன்று பணிகள் சேர வேண்டும். கல்வெட்டால் உறுதியான கற்றளிகள் ஒவ்வொன்றிலும் அவர் செய்த பணியை எளிய தமிழில் விளக்கும் பலகை வேண்டும். திருப்பணியின்போது எழுத்துள்ள கற்களை இடம்பெயர்க்காமலும், சுண்ணாம்பும் வண்ணமும் பூசி மறைக்காமலும் காக்க வேண்டும். பள்ளிப் பாடங்களில் அவரைக் கண்டராதித்தன் மனைவி, உத்தம சோழன் தாய் என்று சொல்லி நிறுத்தாமல், கற்றளித் திட்டத்தின் தலைவியாக அறிமுகம் செய்ய வேண்டும். பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துக் காத்த ஒருவரின் கல்வெட்டுகளை இழக்கும் உரிமை எந்தத் திருப்பணிக்கும் கிடையாது.